கிழக்கே சாய்ந்த ஊரில் ஒரு கல்யாணம்

நண்டோடைக்குப்பத்தின் தரை கிழக்கே சாய்ந்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு கத்தரிக்காய். பொங்கல் முடிந்து ஊரெல்லாம் பானையைக் கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு காலை வேளையில், கருவாட்டுக் குழம்புக்கென்று தனக்கொடி எடுத்து வைத்திருந்த அந்தக் கத்தரிக்காய், அரிவாள்மனையின் பக்கத்திலிருந்து தானாகக் கிளம்பி, அடுப்படியைக் கடந்து, கூடத்தைக் கடந்து, வலை இழுத்த அசதியில் படுத்திருந்த அவள் புருஷன் கலியமூர்த்தியின் காதை உரசிக்கொண்டு, வாசற்படியில் ஒரு துள்ளு துள்ளி இறங்கி, தெருவில் விழுந்து, கடலைப் பார்த்து உருண்டு போனது. தனக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள்.

தெருவில் பார்த்தால் கத்தரிக்காய் தனியாகப் போகவில்லை. எதிர்வீட்டு வெங்காயம் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கோலிக்குண்டுகள் போய்க்கொண்டிருந்தன, ஒரு எவர்சில்வர் டம்ளர் கணகணவென்று சத்தம் போட்டபடி போய்க்கொண்டிருந்தது, மளிகைக்கடைத் தேங்காய் ஒன்று எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் சொந்தக்காரர் ஓடிக்கொண்டிருந்தார். அலை வந்து தொடுகிற ஈரமணலில் எல்லாம் வரிசையாகப் போய் நின்றன. அவரவர் பொருளை அவரவர் பொறுக்கிக்கொண்டு, "உன்னுது வெங்காயமா, என்னுது கத்திரிக்கா" என்று விசாரித்தபடியே வீடு திரும்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஊரிலிருந்த எல்லாக் கட்டில்களின் கிழக்குக் கால்களுக்கும் கீழே செங்கல் வந்துவிட்டது. நண்டோடைக்குப்பத்தார் ஆச்சரியப்பட்டது அவ்வளவுதான். கடலோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அதற்கு மேல் ஆச்சரியப்பட நேரம் கிடையாது.

கண்ணால் பார்த்தால் தரை நேராகத்தான் இருந்தது. ஊர்த் தலைவரான நாட்டார் தேசிங்கு, பஞ்சாயத்தின் சார்பில், பக்கத்து ஊரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். அதிலிருந்த காற்றுக்குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. "தரை பட்டாட்டம் நேரா இருக்குதுங்க" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அவருடைய தூக்குச்சட்டி கடலை நோக்கிக் கிளம்பியது. கொத்தனார் கூலியைக்கூடக் கேட்காமல் தூக்குச்சட்டியின் பின்னாலேயே போய், அதைப் பிடித்துக்கொண்டு, கரையோரமாகவே நடந்து தன் ஊர் போய்ச் சேர்ந்தார்.

மாசி முடிவதற்குள் சாய்வு பழகிவிட்டது. பிள்ளைகள் டயர் வண்டி ஓட்டக் குச்சியைத் தேடவில்லை, விட்டால் அதுவே போனது; கேரம் ஆடுகிறவர்கள் கிழக்குப் பக்கம் யார் உட்காருவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்; அம்மன் கோயிலில் விளக்கெண்ணெய் கிழக்குத் திரியைத்தான் நனைத்தது, மேற்குத் திரியில் பூசாரி கையால் தொட்டுத் தடவினார்; மாசிமகத்துக்கு அம்மனைக் கடலுக்குத் தூக்கிப் போனபோது பல்லக்கு தானாக நடந்தது, திரும்பி வரும்போது மட்டும் ஊர் ஆண்கள் மொத்தமும் தோள் கொடுக்க வேண்டியிருந்தது; குடித்துவிட்டு வருகிறவர்கள் எப்போதும் மேற்கே ஒரு தள்ளு தள்ளாடுகிறவர்களாதலால் இப்போது நூல் பிடித்த மாதிரி நேராக நடந்து வீட்டுக்கு வந்து மனைவிமாரைக் குழப்பினார்கள்; படுக்கையில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்த தம்பதிகள் செங்கல் நழுவிய இரவுகளில் ஒரே மூலையில் போய்ச் சேர்ந்து, விடிந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். நண்டோடைக்காரர்கள் எல்லாரும் லேசாகப் பின்னால் சாய்ந்து நடக்கப் பழகியிருந்தார்கள். கடலூர் பஸ்ஸில் கண்டக்டர் அந்தச் சாய்வைப் பார்த்தே கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

தகராறுகளும் வந்தன. மேலத்தெருக் கோழி இட்ட முட்டை கீழத்தெரு வீட்டுக்குள் போனால் முட்டை யாருடையது என்று கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. தேசிங்கு நாட்டார் மீசையை நீவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். "உருண்டு வர்றப்போ உடையாம வந்துச்சுன்னா வந்த வூட்டுக்கு. உடைஞ்சி வந்தா இட்ட வூட்டுக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். இதில் என்ன நியாயம் என்று யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், அதற்குப் பிறகு முட்டைச் சண்டை நின்றுபோனது.

சாய்வினால் எல்லாரையும்விட அதிகம் அல்லாடியவள் தனக்கொடிதான். அவள் கல்யாணம் காதுகுத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவள். ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற அண்டாக்கள், தவலைகள், கொப்பரைகள், வாளிகள், சாதம் வடிக்கிற தட்டுக்கூடைகள் எல்லாம் அவள் வீட்டையொட்டிய கொட்டகையில் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கிடந்தன. அத்தனையும் உருண்டையான சாமான்கள். ஒன்று கிளம்பினால் எல்லாம் கிளம்பும். ஆகவே அவள் படகு கட்டுகிறவர்களிடம் மிச்ச மரத்துண்டுகளை வாங்கிவந்து, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் சீவி, ஒவ்வொரு அண்டாவின் கிழக்கு விளிம்புக்கும் கீழே முட்டுக் கொடுத்தாள். எந்த அண்டாவுக்கு எவ்வளவு முட்டு என்பது அவளுக்குக் கையிலேயே நின்றது. ஊரார் அவளிடம் வந்து அடுப்புக்கு, பீரோவுக்கு, தையல் மிஷினுக்கு, கைக்குழந்தையின் தொட்டில் கம்பத்துக்கு என்று முட்டுக்கட்டை வாங்கிப் போனார்கள். கரையில் இழுத்துப் போட்ட படகுகளுக்கும் அவளுடைய கட்டைகள்தான் முட்டு. கொஞ்ச நாளில் நண்டோடையில் ஒரு பொருளும் உருளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரஹ்மத்நிசா வந்தாள். கடலடித் தரையை ஆராய்கிற ஒரு நிலையத்தில் அவளுக்கு வேலை, பரங்கிப்பேட்டைக்காரி, நண்டோடைக்கு நேரே கடலின் அடியில் இருக்கிற சரிவைக் கப்பலில் போய் அளந்துவிட்டு, கரையில் என்ன நிலவரம் என்று பார்க்க இறங்கியவள். தனக்கொடி வீட்டில் அவளுக்குச் சுறாப்புட்டுப் போட்டார்கள். அவள் தட்டைக் கிழக்கே நழுவ விடாமல் முழங்காலால் அணைத்துக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கித் தரையில் வைத்து, அது வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கடலுக்கு அடியில தரை கொஞ்ச தூரம் மெதுவா இறங்கும்மா" என்றாள் தனக்கொடியிடம். "அப்புறம் ஒரு விளிம்பு வரும். அதைத் தாண்டினா மலைச்சரிவு மாதிரி கிடுகிடுன்னு இறங்கும். ஆறெல்லாம் கொண்டுவந்து கொட்டின சேறு அந்தச் சரிவு மேல காலங்காலமா படிஞ்சு உட்கார்ந்திருக்கு. என்னைக்காவது தாங்காம மொத்தமா வழுக்கிடும். மேல நிக்கிற தண்ணி சும்மா இருக்குமா? முதல்ல உள்ள இழுத்துக்கும், அப்புறம் மொத்தமா கரைக்கு வரும்."

"பூமி ஆடினாத்தானே அலை வரும், மேடம்" என்றான் கலியமூர்த்தி.

"ஆடாமலும் வரும்ண்ணே. இதுல அதான் கஷ்டம். பூமி ஆடினா மெஷினுக்குத் தெரியும், சைரன் அடிப்பாங்க. சேறு வழுக்குறது பல சமயம் எந்த மெஷினுக்கும் முன்கூட்டித் தெரியாது. கரைக்குப் பக்கத்துலேயே கிளம்புறதால ஓட நேரமும் அதிகம் இருக்காது."

"எப்ப வழுக்கும்?"

"நாளைக்கும் வழுக்கலாம். உங்க பேரன் பேத்தி காலத்துலயும் வழுக்கலாம். தெரியாதுங்கறதுதான் நிஜம்." அவள் வாசலைப் பார்த்தாள். "இதை நான் எந்த அறிக்கையிலயும் எழுத முடியாது. ஆனா உங்க ஊரு அந்தச் சரிவோட சேர்ந்து சாஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது. சாய்வு இருக்கிற வரைக்கும் சேறு இருக்கிற இடத்துல இருக்கு. சாய்வு போச்சுன்னா சேறு போச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, முந்திரிமேட்டுக்கு ஓடிடுங்க."

முந்திரிமேடு ஊருக்கு மேற்கே இருக்கிற செம்மண் மேடு. உச்சியில் முந்திரித்தோப்பு. ஏறுவதற்குள் நாக்கு தள்ளிவிடும் என்பதால் காதலிக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே போவதில்லை.

கொட்டகையைச் சுற்றிப் பார்த்தபோது ரஹ்மத்நிசாவின் முகம் வாடிவிட்டது. அண்டாக்கள் எல்லாம் முட்டுக்கட்டை மேல் ஆடாமல் அசையாமல் நின்றன. "இப்படி எல்லாத்தையும் நிமிர்த்தி வச்சிட்டா சாய்வு போனது எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாள். அவள் போன பிறகும் அந்தக் கேள்வி தனக்கொடியின் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவள் நாட்டாரிடம் சொல்ல, பஞ்சாயத்து கூடி, கோயில் வாசலில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒரு முழக் கயிற்றில் கட்டிப் போடுவதென்றும், கயிறு கிழக்கே விறைப்பாக இருக்கிறதா என்று பூசாரி காலையும் மாலையும் பார்ப்பதென்றும் முடிவானது. எல்லாருக்கும் நிம்மதி. கவலையை ஒரு எலுமிச்சம்பழத்தின் தலையில் கட்டிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்த்தது.

தனக்கொடிக்கு வேறு வேலை வந்துவிட்டது. அவளுடைய ஒரே மகள் பிரவீணாவுக்கும் புளியந்துறை விமலுக்கும் ஆவணியில் கல்யாணம். பையன் தங்கமான பையன்; பிரவீணா அவனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று பிடித்த மாப்பிள்ளை. அந்த முந்திரிமேட்டில் அவர்கள் எத்தனை முறை ஏறி இறங்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும், தனக்கொடிக்கு மட்டும் தெரியாத மாதிரி அவள் காட்டிக்கொண்டாள். இடைஞ்சல் பையனின் அம்மா அமிர்தவல்லி. நிச்சயத்துக்கு வந்த அன்றைக்கே அவளுடைய வெற்றிலைச்செல்லம் நழுவிப் போய்க் கடலில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை.

"தரையே நிக்காத ஊருல கட்டுன தாலி நிக்குமா? கல்யாணத்த எங்க ஊருல வச்சிக்கலாம். இல்லாட்டி இந்தப் பேச்ச இதோட வுட்டுடலாம்" என்றாள் அவள்.

பெண் வீட்டில் கல்யாணம் என்பது நண்டோடையில் பரம்பரை வழக்கம். அதை விட்டுக்கொடுத்தால் ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? பிரவீணா கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். தனக்கொடி மகளின் முகத்தைப் பார்த்தாள். "இங்கதான் கல்யாணம், சம்பந்தியம்மா. கடக்கரையிலேயே பந்தல். என் அண்டாவுலேர்ந்து ஒரு கரண்டிப் பாயசம் கீழ சிந்திச்சின்னா, நீங்க எம்பொண்ண வேணாம்னு சொல்லிட்டுப் போங்க, நான் ஏன்னு கேக்கமாட்டேன்" என்றாள்.

அமிர்தவல்லி அதற்கு ஒத்துக்கொண்டு போனாள். அன்றிரவெல்லாம் தனக்கொடிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து மரம் சீவத் தொடங்கினாள். பந்தக்கால், மணவறை, நாற்காலி, பந்தி இலை போடுகிற பெஞ்சு, கோட்டை அடுப்பு, மாப்பிள்ளை உட்காருகிற மணை, மேளக்காரர்கள் உட்காருகிற ஜமுக்காளம் உட்பட எல்லாவற்றுக்கும் கிழக்கே முட்டு. எல்லாவற்றிலும் பெரிய அண்டாவுக்கு அவள் தன் கையாலேயே ஐந்தாறு கட்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிச் சோதித்தாள். ஒரு சொட்டு வழியவில்லை.

கல்யாணத்தன்று ஊர் வழக்கப்படி ஒரு படகும் தொழிலுக்குப் போகவில்லை. சூரியன் கடலுக்கு மேலே ஒரு பனை உயரம் வந்திருந்தது. புளியந்துறைக்காரர்கள் வேனில் வந்து இறங்கி, எதுவும் உருளவில்லையே என்று ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்தார்கள். அமிர்தவல்லி நேரே அடுப்படிக்குப் போய், இறக்கி வைத்திருந்த பாயச அண்டாவைக் குனிந்து பார்த்துவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னாள். சமையல்காரர் எலுமிச்சைச் சாதத்துக்குப் பழம் போதாமல் கோயில் வாசலில் கயிற்றில் கட்டியிருந்த பழத்தையும் அறுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது பூசாரிக்குத் தெரியாது. பூசாரி முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

மேளம் முழங்கியது. தேங்காய் மேல் சுற்றிவைத்த தாலி, தாம்பாளத்தில் மஞ்சளரிசியோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். மணவறையில் பிரவீணா தலையைக் குனிந்திருந்தாள், விமல் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கொடி மகளையும் பார்த்தாள், பாயசத்தையும் பார்த்தாள், மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அண்டா நகர்ந்தது.

அது மேற்கே நகர்ந்தது. தைமாசத்திலிருந்து அந்த ஊரில் ஒரு கடுகுகூட மேற்கே போனதில்லை. முட்டுக்கட்டை தள்ள, அண்டா நிமிர்ந்தபடியே வழுக்கிக்கொண்டு, மூடியைக்கூட ஆட்டாமல், ராணி மாதிரி பந்தலுக்குள் புகுந்தது. அதன் பின்னால் கொட்டகையிலிருந்த காலி அண்டாக்கள் கடகடவென்று உருண்டு வரத் தொடங்கின. பாரத்தை இறக்கியதும் தராசுத் தட்டு துள்ளுமே, அப்படி ஊர் மேற்கே துள்ளியிருந்தது. சாய்வு போச்சுன்னா சேறு போச்சு.

"கடல் வருது. மேட்டுக்கு ஓடுங்க" என்று கத்தினாள்.

மேளச் சத்தத்தில் பக்கத்திலிருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. புளியந்துறைக்காரர்கள் உருளும் அண்டாக்களைப் பார்த்து, இதைப் பார்க்கத்தானே வந்தோம் என்று கைதட்டிச் சிரித்தார்கள். "முகூர்த்தம் முடியாம யாரும் எழுந்திரிக்கக் கூடாது" என்று அமிர்தவல்லி முன்வரிசையிலிருந்து அதட்டினாள். ஐயர் மந்திரத்தை வேகப்படுத்தினார். நாட்டார் எழுந்துவிட்டார், கலியமூர்த்தி எழுந்துவிட்டான், ஆனாலும் அரைப் பந்தல் உட்கார்ந்தே இருந்தது. நல்ல நேரத்தில் பந்தலை விட்டு எழுந்தால் ஆகாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

தாம்பாளம் அந்த நேரத்தில்தான் தனக்கொடியின் கைக்கு வந்தது. அவள் தாலியைத் தொட்டுக் கும்பிடவில்லை. எடுத்தாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தனக்கொடி ஒரு கணம் கண்ணை மூடினாள், பிறகு பந்தலைக் கடந்து போய்க்கொண்டிருந்த பாயச அண்டாவின் மூடியைத் தூக்கி, தாலியை உள்ளே போட்டு, மூடியை அழுத்தி மூடினாள். அண்டா மேலத்தெருவுக்குள் வழுக்கிப் போனது.

மேளம் நின்றது. "ஐயோ, தாலி" என்றாள் அமிர்தவல்லி. அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாலியை விட்டுவிட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இந்தக் கடற்கரையில் ஒருவரும் பிறக்கவில்லை. மாப்பிள்ளை மாலையோடு ஓடினான், பெண் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனை முந்தி ஓடினாள், ஐயர் பஞ்சகச்சத்தை இறுக்கிக்கொண்டு ஓடினார், நாதசுரக்காரர் நாதசுரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடினார், முதல் பந்தி எச்சில் கையோடு ஓடியது, பூசாரி ஓடினார், சமையல்காரர் கரண்டியோடு ஓடினார். அவர்களோடு சேர்ந்து தொட்டில்களும் கட்டில்களும் தையல் மிஷின்களும் தெருவெல்லாம் மேற்கே வந்தன. நடக்க முடியாத கிழவர்கள் உட்கார்ந்த நாற்காலியோடு வந்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் தம் சாமான்களைத் துரத்திக்கொண்டு வந்தார்கள். கோழிகள் வந்தன, ஆடுகள் வந்தன. கடைசியில் கரையிலிருந்த படகுகள் தனக்கொடியின் முட்டுக்கட்டைகளை உதைத்துத் தள்ளிவிட்டு, அடிமரம் மணலைக் கீற, ஒன்றன் பின் ஒன்றாக மேலத்தெருவில் ஏறி வந்தன. தேசிங்கு நாட்டார் எல்லாருக்கும் பின்னால், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முந்திரிமேட்டில் ஏற யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. ஊர் மேற்கே இறங்கியிருந்ததால், மேட்டில் ஏறுவது பள்ளத்தில் இறங்குவதாகத்தான் கால்களுக்குப் பட்டது. பெருத்த உடம்புக்காரியான அமிர்தவல்லி, சின்ன வயதுக்கப்புறம் முதன்முறையாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். உச்சியில் ஒரு கிழட்டு முந்திரிமரத்தில் பாயச அண்டா லேசாக இடித்துக்கொண்டு நின்றது. மற்ற எல்லாம் அதைச் சுற்றி வந்து நின்றன. சாய்வும் அத்தோடு நின்றுபோனது.

அமிர்தவல்லிக்கு மூச்சு வாங்கவில்லை என்பதால் பேச்சு உடனே வந்தது. "தாலியத் தூக்கிப் போட்டவளோட எனக்கு என்ன சம்பந்தம்? எம்புள்ளைய நான் கூட்டிக்கினு போறேன்" என்றாள்.

"தூக்கிப் போடல, சம்பந்தியம்மா" என்றாள் தனக்கொடி. "முன்னாடி அனுப்பி வச்சேன்."

அமிர்தவல்லி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது எல்லாரும் கிழக்கே திரும்பினார்கள், ஏனென்றால் கிழக்கே சத்தமே இல்லை. அலைச்சத்தம் இல்லாத கடற்கரையை அவர்கள் யாரும் கேட்டதில்லை. கடல் தன் துணியை இழுத்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தது. அதுவரை தண்ணீருக்கடியிலிருந்த சேற்றுத்தரை வெயிலில் மினுங்கியது, அதில் மீன்கள் துடித்தன. பிறகு தூரத்தில் ஒரு கோடு வந்தது. கோடு சுவராகி, சுவர் ஊருக்குள் வந்தது. பந்தல் போனது, மணவறை போனது, கொட்டகை போனது, கீழத்தெரு வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன, கோயில் மணி ஒரே ஒருமுறை அடித்தது. மேட்டின் இடுப்புவரை ஏறிய தண்ணீர் அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறங்கியது.

தேசிங்கு நாட்டார் வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஒவ்வொரு வீடும் "இருக்கோம்" என்றது. புளியந்துறைக்காரர்களை அமிர்தவல்லி பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அவர்களும் "இருக்கோம்" என்றார்கள். கடைசிப் பேரும் முடிந்ததும் கிழக்கே திரும்பினாள். பந்தலில் தான் உட்கார்ந்திருந்த இடத்தை அவள் தேடினாள். அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

தனக்கொடி மரத்தடியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். வீடு போயிற்று, தொழில் கொஞ்சம் மிஞ்சிற்று, அதெல்லாம் அவள் மனதிலேயே இல்லை. பாதியில் நின்றுபோன கல்யாணம் ஒன்றுதான் இருந்தது. தாலியைக் கையால் எடுத்து எறிந்த அம்மாவை மகள் மன்னிப்பாளா என்பது இருந்தது. பிரவீணா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள்.

அமிர்தவல்லி எழுந்தாள். பாயச அண்டாவைச் சுற்றி வந்து மண்ணைப் பார்த்தாள். மூடியை எடுத்து உள்விளிம்பைப் பார்த்தாள். பிறகு பட்டுப்புடவையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வளையலை மேலே தள்ளிவிட்டு, வெதுவெதுப்பான பாயசத்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். முந்திரி வந்தது, திராட்சை வந்தது, நெடுநேரம் கழித்துத் தாலி வந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்து, கண்ணில் ஒற்றி, மகனின் கையில் வைத்தாள்.

"கட்டுடா" என்றாள்.

நாதசுரக்காரர் ஊதினார். மேளம் கடலோடு போய்விட்டதால் மேளக்காரர் ஒரு காலி அண்டாவைக் கவிழ்த்துத் தட்டினார். அதைவிடக் கெட்டியான மேளத்தை அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. தாலி கட்டி முடிந்ததும் முந்திரி இலையைத் தொன்னையாக மடித்து இரண்டு ஊருக்கும் பாயசம் ஊற்றினார்கள். கரண்டி பிடித்தவள் அமிர்தவல்லி. அண்டாவிலிருந்து ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை, சிந்தியதெல்லாம் அவள் முழங்கையிலிருந்து வழிந்ததுதான், அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

ஊர் பிறகு முந்திரிமேட்டிலேயே வீடு கட்டிக்கொண்டது. படகுகள் மட்டும் கீழே இறங்கின. நேரான தரையில் நடக்க நண்டோடைக்காரர்கள் ரொம்பச் சிரமப்பட்டார்கள். சும்மா நிற்கும்போதே பின்னால் விழுந்தார்கள். குடிக்கிறவர்கள் பழையபடி தள்ளாடினார்கள். கலியமூர்த்தி கட்டிலுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டான், தனக்கொடி அதைப் பார்த்தும் எடுக்கவில்லை. ரஹ்மத்நிசா வந்து மேட்டைச் சுற்றிப் பார்த்து வயிறார மீன்சோறு சாப்பிட்டாள். "ஆறு நிக்கல, சேறு வந்துக்கிட்டேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பஞ்சாயத்து புதுக் கட்டுப்பாடு போட்டது: இனி ஒரு பழத்தை மட்டும் நம்புவதில்லை, வீட்டுக்கு வீடு, விடிந்ததும் வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும்.

தலைதீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்தபோது அமிர்தவல்லியும் கூட வந்தாள், யாரும் கூப்பிடாமலே வந்தாள். விடியற்காலையில் எண்ணெய் வைத்துக்கொண்ட தலையோடு எல்லாரும் வாசலில் குனிந்து நிற்க, தனக்கொடி பழத்தை வைத்தாள். பழம் அசையவில்லை. பிள்ளைகள் வெடிக்கு ஓடினார்கள். அமிர்தவல்லி மட்டும் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, கண் கொட்டாமல், அந்தப் பழத்தையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை எடுத்துப் போய் இரண்டாக அறுத்து, சர்க்கரை போட்டுப் பிழிந்து, ஒரு டம்ளரைத் தனக்கொடியிடம் நீட்டினாள்.

"நாளைக்கு வேற பழம் வை, சம்பந்தி" என்றாள்.